இடது அச்சுத்தண்டு

பெம்ப்ரேயில் ஓடுதளத்திலிருந்து கடல் தெரியாது.
உப்பு மட்டும் வரும், மழையோடு சாய்ந்து,
திறந்து வைத்த பொனட்டுக்குள்
கேட்காமலே.

காலை ஏழரை.
பரிசோதகர் பின்விளக்கைத் தட்டிப் பார்க்கிறார்.
எரிகிறது. இன்னொரு முறை தட்டுகிறார்.
அணைகிறது.
"பல்பு" என்கிறார், எங்களுக்குத் தெரியாததுபோல்.

ஆளுக்கு முந்நூறு பவுண்டு போட்டு வாங்கிய மைக்ரா.
ஓட்டுவது தர்ஷிகா. வார நாள்களில்
லனெல்லிப் பிள்ளைகளுக்குத் தவளையின் இதயம் படிப்பிக்கிறவள்.
எனக்கு ஸ்வான்சீ பஸ் டிப்போவில் இரவு வேலை.
ஆகவே காயம்படும் விரல்கள் என்னுடையவை,
கழுத்துச் சுளுக்கு அவளுடையது
என்று ஒப்பந்தம்.

முதல் ஓட்டம். பச்சை விளக்கு.
தாரில் நன்றாகத்தான் பிடித்தாள்.
சரளையில் இறங்கியதும் ஆறு கார்களும்
ஒரே சேற்றைப் பங்கு போட்டன.
மூன்றாம் வளைவில் எங்களுடையது
கத்திக்கொண்டே நின்றது:
எஞ்சின் ஓடுகிறது, கியர் விழுகிறது,
சில்லு தன் பாட்டில் இருக்கிறது.

இழுத்து வந்தார்கள்.
ரப்பர் உறை கிழிந்து
கிரீஸ் உள்வளையமெங்கும் விசிறியிருந்தது.
கையை விட்டுத் துழாவினேன்.
ஆறு எஃகுக் குண்டு இருக்கவேண்டிய இடத்தில்
நாலு வந்தது.
மற்ற இரண்டும் சரளைக்குள்
கல்லோடு கல்லாய்.

"ஸ்பெயர் இருக்கா?"
இருந்தது.
வலது பக்கத்துக்கு.

அவள் ஒன்றும் சொல்லாமல் வேலிக்கு அப்பால் பார்த்தாள்.
பார்வையாளர் நிறுத்துமிடத்தில்,
ஐஸ்கிரீம் வானுக்குப் பக்கத்தில்,
அவளுடைய மற்றக் கார்.
அதே மொடல். அதே வருடம். வெள்ளி நிறம்.
பின் சீட்டில் ஏழாம் வகுப்பின் கொப்பிகள்.

"வேண்டாம்" என்றேன்.
"கடைசி ஓட்டத்துக்கு ரெண்டு மணித்தியாலம் இருக்கு" என்றாள்.

சில்லின் நடு நட்டு, முப்பத்திரண்டு.
பதினேழு குளிர்காலத்துத் துரு.
நெம்புகோலில் குழாயைச் செருகினேன்,
குழாயில் நான் தொங்கினேன், பிறகு அவளும்.
குழாய் வளைந்தது.
நட்டுக்கு நாங்கள் வந்ததே தெரியாது.

அப்போதுதான் வந்தார் ஹியூவெல் ப்ரோசர்,
கடைசி ஓட்டத்தில் எங்களுக்கு எதிராய் நிற்க இருப்பவர்,
பன்றி வளர்ப்பவர்,
கையில் பாதி கடித்த பர்கர்.
அதை என்னிடம் தந்துவிட்டுக்
குழாயில் ஏறி நின்றார்.
நின்றார், அவ்வளவுதான்.
டக்.
நூற்றிப் பத்துக் கிலோ வேல்ஸ்.
காலையிலிருந்து நான் கேட்ட நல்ல சத்தம் அது ஒன்றுதான்.

தண்டை உருவியதும் கியர் எண்ணெய் வழிந்தது.
ஐஸ்கிரீம்காரி ஒரு வெற்று வனிலா வாளியை நீட்டினாள்,
"திருப்பித் தர வேண்டாம்" என்று.
இரண்டாம் ஓட்டத்தை
நான் முதுகால்தான் பார்த்தேன்,
ஈரத் தரையில் கிடந்தபடி,
ஒவ்வொரு கார் தாண்டும்போதும் ஒரு நடுக்கம்.

கடைசி ஓட்டத்தில் தர்ஷிகா நாலாவதாய் வந்தாள்.
ஜோக்கர் வளைவை முதற் சுற்றிலேயே எடுத்தாள்.
பிறகு, எடுத்ததை மறந்து, இன்னொரு முறையும் எடுத்தாள்.
அதற்குத் தண்டனை முப்பது விநாடி.
காகிதத்தில் ஆறாவது.
ஹியூவெல் மூன்றாவது; வந்து பர்கரைக் கேட்டார்.
நான் தின்றிருந்தேன்.

ஆறு மணிக்கு ட்ரெய்லர்கள் எல்லாம் போய்விட்டன.
போன் வெளிச்சத்தில், வெள்ளிக் காருக்கு அடியில்,
அதே தண்டை அதே துளைக்குள் செருகினேன்.
வனிலா மணத்தோடு எண்ணெயைத் திருப்பி ஊற்றினேன்.
நட்டை இறுக்க ஹியூவெல் இல்லை.
நான் ஏறி நின்றேன்.
அறுபத்தொரு கிலோ.

லனெல்லி ரவுண்டபவுட்டிலிருந்து ஸ்பீக்கரில் கூப்பிட்டாள்.
"இடப்பக்கம் ஒரு சத்தம் வருது.
திரும்பேக்க டிக், டிக் எண்டு."

"ரேடியோவைக் கூட்டி விடு" என்றேன்.

"ரேடியோ வேலை செய்யிறேல்லை."